கனவை நினைவில் வைப்பதும் கனவுக்குள் விழிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ராத்திரி ஏதோ கனவு வந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை" என்று தினமும் சொல்பவர்களுக்கும், கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் இந்தப் பக்கம். இரண்டாவது வகைக்கு லூசிட் கனவு என்று பெயர். அதைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் முதல் வேலையை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குத் தாவப் பார்க்கிறார்கள். கனவுகளைப் பல வருடங்களாக எழுதிவைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கனவு நோட்டு இல்லாமல் லூசிட் கனவைத் தேடுவது வீண் வேலை. அதனால்தான் கீழே உள்ள கேள்விகளில் பெரும்பகுதி நினைவைப் பற்றியே இருக்கிறது.

எனக்குக் கனவே வருவதில்லை. நான் என்ன செய்வது?

வருகிறது. நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். தூங்குபவர்களின் மூடிய இமைக்குள் விழி வேகமாக இங்குமங்கும் ஓடும் நேரங்கள் உண்டு என்பதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவைச் சொன்னார்கள். அதைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை அது வந்து போகும். பெரியவர்களின் தூக்கத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இதுதான். மற்ற வகைத் தூக்கத்திலும் கனவு வரும், ஆனால் நீளமான, கதைபோல ஓடும் கனவுகள் அதிகம் வருவது ரெம் தூக்கத்தில்.

"வாழ்நாளில் ஒரு கனவுகூடக் கண்டதில்லை" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறார்கள். கனவில் செய்வதை உடம்பாலும் செய்துவிடும் ஒரு தூக்கக் கோளாறு உண்டு. தூக்கத்திலேயே பேசுவார்கள், கை ஓங்குவார்கள், எட்டி உதைப்பார்கள். பாரிஸில் இந்த நோயாளிகளை ஆராய்ந்த ஒரு குழு, அவர்களில் கனவே வராது என்று சாதிப்பவர்களும் வீடியோவில் யாரோடோ சண்டை போட்டதையும் வாக்குவாதம் செய்ததையும் 2015-இல் வெளியிட்டது. எழுந்த பிறகு கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கனவு நடந்திருக்கிறது, நினைவுதான் இல்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது?

புதிய நினைவைப் பதிய உதவும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ரெம் தூக்கத்தின்போது மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. அதனால் கனவு எவ்வளவு பளிச்சென்று ஓடினாலும், அதன் முடிவிலோ நடுவிலோ கொஞ்சமாவது விழிப்பு வந்தால்தான் அதில் ஏதாவது தங்கும். பிரான்ஸில் லியோன் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வில், கனவு நன்றாக நினைவிருப்பவர்கள் இரவில் இடையிடையே விழித்திருந்த நேரம் மொத்தமாக 30 நிமிடம் வரை இருந்தது. நினைவில்லாதவர்களுக்கு அதில் பாதிதான். கனவை மறக்கிறவர்களில் பலர் நன்றாகத் தூங்குகிறவர்கள் என்றும் இதைப் படிக்கலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. எழுந்த உடனே மனசு வேறு வேலைக்கு ஓடிவிடுகிறது.

சரி, எழுந்தவுடன் சரியாக என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

விழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்க வேண்டாம். புரண்டு படுக்க வேண்டாம். அலாரத்தை அணைத்தே ஆகவேண்டுமென்றால் கையை மட்டும் நீட்டி அணைத்துவிட்டு, பழையபடி அதே நிலைக்கு வந்துவிடுங்கள். "என்ன கனவு வந்தது?" என்று கேட்பதைவிட "இப்போது எதை நினைத்துக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி பரீட்சை மாதிரி மிரட்டும், இரண்டாவது மிரட்டாது. மனசில் ஒரு முகமோ, ஒரு இடமோ, காரணமில்லாத ஒரு பதற்றமோ மிச்சமிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். "இதற்கு முன்னால் எங்கே இருந்தேன்? அதற்கு முன்னால்?" கனவு பெரும்பாலும் கடைசியிலிருந்து முதலுக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்து, அங்கேயும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நீங்கள் ராத்திரி எப்படியெல்லாம் படுப்பீர்களோ அந்த நிலைகளில் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்ப்பது கனவு எழுதுபவர்களிடையே ரொம்ப நாளாகப் புழங்கும் வழி. எனக்கு இடதுபக்கம் திரும்பினால் கிடைக்கும் கனவுகள் நிறைய.

அப்புறம்தான் நோட்டை எடுக்க வேண்டும். முதலில் முழு வாக்கியம் எழுதப் போகாதீர்கள். நாலைந்து சொற்களைக் கிறுக்கிவிடுங்கள். என் நோட்டில் ஒரு நாள் பதிவு இப்படி இருக்கிறது: "கொல்லைப்புறக் கிணறு. அத்தை, வயசு குறைவு. ராட்டினச் சத்தம், கயிறு இல்லை. ஸ்கூல் பை நனைந்துவிடும் என்று பயம்." இவ்வளவுதான். பல் தேய்த்துவிட்டு வந்து இந்த நாலு துண்டையும் பார்த்தபோது முழுக் கனவும் ஒரு பக்கத்துக்கு விரிந்தது. கயிறே இல்லாமல் ராட்டினம் சுற்றியதை அங்கே நின்றபோது கொஞ்சமும் வினோதமாக நினைக்கவில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் குறிப்புதான் பின்னால் லூசிட் கனவுக்குக் கைகொடுக்கும்.

எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "கிணற்றடியில் நிற்கிறேன், அத்தை கூப்பிடுகிறாள்." மறுபடி உள்ளே போனதுபோல இருக்கும், விட்டுப்போன விவரங்களும் கூடவே வரும். என்ன உணர்ச்சி இருந்தது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டாம். அதை ஆரம்பித்தால் நடந்ததை விட்டுவிட்டுப் பொருத்தமானதை எழுத ஆரம்பித்துவிடுவீர்கள்.

நோட்டுப் புத்தகமா, போனா?

நோட்டு. போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வாட்ஸ்அப். ஒரே ஒரு குட்மார்னிங் படம் போதும், கனவு போய்விடும். பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்துவிடுவார் என்று லைட் போடத் தயங்குபவர்கள், ஃப்ளைட் மோடில் போட்டுவைத்த போனில் முணுமுணுத்துப் பதிவு செய்யலாம். அதை அன்றே கேட்டு எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நாலு நாளில் கேட்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிடும்.

எழுத எதுவுமே இல்லாத நாளில்?

தேதி போட்டு "ஒன்றும் நினைவில்லை, மனசு கொஞ்சம் பாரமாக இருக்கிறது" என்றாவது எழுதுங்கள். தினமும் நோட்டைத் தொடுவதுதான் பழக்கம்.

தூங்கப் போகும்போது "நாளைக்கு எழுந்ததும் கனவை நினைவுபடுத்திப் பார்ப்பேன்" என்று நிதானமாக ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இது சும்மா மந்திரம்போலத் தோன்றும். ஆனால் காலையில் எழுந்த முதல் நிமிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்ற ஞாபகத்தைக் கொண்டுவருவது இந்தச் சொல்தான். முயற்சியைத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களிலேயே நினைவு கூடுவதைப் பெரும்பாலானவர்கள் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் காலை என்பது குக்கர் விசிலும் ஸ்கூல் வேனும்தான். அசையாமல் படுத்திருக்க யார் விடுவார்கள்?

நியாயமான கேள்வி. வீட்டுப் பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். எழுந்த நொடியிலிருந்து ஓடவேண்டியவருக்கு "பத்து நிமிடம் படுத்திருங்கள்" என்று ஆலோசனை சொல்வதில் பயனில்லை. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அலாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு மட்டும். அலாரச் சத்தம் மெதுவாக ஆரம்பிப்பதாக இருக்கட்டும். பேச்சோ சினிமாப் பாட்டோ வேண்டாம், பாட்டின் வரி உள்ளே புகுந்துவிடும். இரண்டாவது, நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுகிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். வீடே தூங்கிக்கொண்டிருக்கும், கேட்க யாரும் இல்லை. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் அரை நிமிடம், அவ்வளவுதான். என் அனுபவத்தில் நல்ல கனவுகள் பல அந்த விழிப்பில்தான் சிக்கின.

ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒழுங்காகச் செய்வது ஏழு நாளும் அரைகுறையாகச் செய்வதைவிட மேல்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

உடம்பு கேட்கிற அளவு முழுசாக. பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் தூக்கம் சில நிமிடம்தான் எட்டிப் பார்க்கும். விடிய விடிய அது நீண்டுகொண்டே போகும், கடைசிச் சுற்றில் அரை மணிக்கு மேலும் நீடிக்கும். ஆகவே எட்டு மணி நேரம் தூங்குபவர் கடைசி இரண்டு மணியை வெட்டினால், தூக்கத்தில் கால்வாசிதான் போகிறது, ஆனால் கனவில் அதைவிட எவ்வளவோ பெரிய பங்கு போய்விடுகிறது. கனவு நினைவில் நிற்காத பலருக்கு இதுவும் ஒரு காரணம்.

மதுவும் ரெம் தூக்கத்தை அழுத்திவைக்கும். கஞ்சாவும் அப்படித்தான். அதை நிறுத்தியவர்களுக்குத் திடீரென்று பயங்கரக் கனவுகள் வருவதும் இதனால்தான். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கனவைவிட அந்த மாத்திரை முக்கியம்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே?

பலிக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் விடியற்காலைக் கனவை நம் பெரியவர்கள் தனியாகப் பிரித்து வைத்ததில் நுட்பமான கவனிப்பு இருக்கிறது. மேலே சொன்னபடி ரெம் தூக்கம் விடியும் நேரத்தில்தான் நீளம். கனவு நீளமாக, கோர்வையாக இருக்கும். உடனே எழுந்துவிடுவதால் மறக்கவும் செய்யாது. அப்படிப்பட்ட கனவுக்கு மட்டும் மரியாதை கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்ற பலன் பட்டியல்களைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உங்கள் நோட்டில் ஆறு மாதத்தில் சேரும் கனவுகளுக்கு முன்னால் அந்தப் பட்டியல் எதுவும் நிற்காது. உங்கள் பாம்பு எந்த வீட்டில், எந்தக் கவலையின்போது வருகிறது என்பது அங்கே எழுதியிருக்கும்.

லூசிட் கனவு என்பது உண்மையா, இல்லை கதை விடுகிறார்களா?

உண்மை. இது கனவு என்று தூக்கத்திலேயே ஒருவருக்குத் தெரிவதை அரிஸ்டாட்டிலே குறிப்பிட்டிருக்கிறார். திபெத்திய பௌத்தத்தில் கனவு யோகம் என்று தனிப் பயிற்சியே உண்டு. லூசிட் கனவு என்ற பெயரை 1913-இல் பரவச் செய்தவர் ஃப்ரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர். ஆனால் "எனக்குக் கனவில் தெரிந்தது" என்று காலையில் ஒருவர் சொன்னால், அதை எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்கு வந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது.

ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் கட்டுண்டு கிடக்கும், கண்ணும் மூச்சும் மட்டும் விதிவிலக்கு. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பிடித்துக்கொண்டார். அடிக்கடி லூசிட் கனவு காணும் ஆலன் வோர்ஸ்லியிடம், "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடதும் வலதுமாக, முன்பே பேசிவைத்தபடி அசையுங்கள்" என்றார். 1975 ஏப்ரலில் அந்தக் கண்ணசைவு கருவியில் பதிவானது. அதே நேரத்தில் மூளை அலைகள் ஆள் தூங்கிக்கொண்டிருப்பதைக் காட்டின. தூங்கும் ஒருவர் கனவுக்குள்ளிருந்து வெளியே தகவல் அனுப்பியிருந்தார்! இது தெரியாமலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் சில ஆண்டுகளில் இதையே தனியாகச் செய்துகாட்டினார்.

2021-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நாலு நாட்டு ஆய்வகங்களில் 36 பேரைத் தூங்கவைத்து, லூசிட் கனவில் இருக்கும்போது கேள்வி கேட்டார்கள். "8-இல் 6 போனால் எவ்வளவு?" என்று கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கண்ணை இரண்டு தடவை இடமும் வலமுமாக அசைத்துப் பதில் சொன்னார். எல்லா முயற்சியும் இப்படிப் பலிக்கவில்லை, பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. ஆனாலும் சரியான விடைகள் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வந்தன.

சாதாரண ஆட்களுக்கு வருமா?

வரும். அரை நூற்றாண்டில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது லூசிட் கனவு கண்டவர்கள் சுமார் 55 சதவீதம், மாதம் ஒன்றாவது காண்பவர்கள் சுமார் 23 சதவீதம்.

எப்போது முயற்சியை ஆரம்பிக்கலாம்?

வாரத்தில் முக்கால்வாசி நாளாவது ஒரு கனவு எழுத முடிகிறதென்றால் ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம். லூசிட் கனவே வந்தாலும் அதை மறந்துவிட்டு எழுந்தால் என்ன பயன்? தவிர, உங்கள் கனவுகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்கள் எவை என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

நோட்டில் ஒரு மாதக் கனவுகள் சேர்ந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து, நனவில் நடக்க முடியாததையெல்லாம் அடிக்கோடிடுங்கள். இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடமான பிறகும் கணக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட்டைக் காணோம். விற்றுவிட்ட வீட்டில் ஒரு புது அறை. போனில் நம்பர் அழுத்தினால் தப்புத் தப்பாக விழுகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிச்சயம் தேறும். அவைதான் உங்கள் கனவு அடையாளங்கள்.

ரியாலிட்டி செக் என்கிறார்களே, அது என்ன?

பகலில் அவ்வப்போது "இது கனவா, நனவா?" என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுச் சோதிப்பது. இதை முறையாக வளர்த்தவர் ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி. பகலில் பழகிய கேள்வி கனவிலும் தானாக எழும் என்பதுதான் யோசனை. எனக்குப் பிடித்த சோதனை மூக்கு: மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடி மூச்சிழுத்துப் பாருங்கள். கனவில் மூச்சு தாராளமாகப் போகும். எழுத்தும் நல்ல சோதனை. ஒரு பெயர்ப்பலகையைப் படித்து, பார்வையைத் திருப்பி, மறுபடி படியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக்கொண்டு இயந்திரம்போல மூக்கைப் பிடித்தால், கனவிலும் இயந்திரம்போலப் பிடித்துவிட்டு "நனவுதான்" என்று முடிவு செய்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும், ஆனால் உண்மையான சந்தேகத்தோடு. "இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தேன்?" என்று கேளுங்கள். கனவில் இதற்குப் பதில் இருக்காது. உங்கள் கனவு அடையாளத்தை ஒத்த ஏதாவது பகலில் எதிர்ப்பட்டால், உதாரணமாகப் பழைய பள்ளிக்கூட வழியாகப் போனால், அப்போது கட்டாயம் சோதியுங்கள்.

இதை மட்டும் தனியாகச் செய்தால் பலன் குறைவு.

அப்படியானால் எது வேலை செய்கிறது?

விடியற்காலையில் எழுந்து மறுபடி தூங்குவதும், அப்படி மறுபடி தூங்கப் போகும்போது மைல்ட் என்ற முறையைச் செய்வதும் சேர்ந்தது. கனவு வரும்போது "இது கனவு" என்று ஞாபகம் வர வேண்டும் என முன்கூட்டியே மனசில் பதியவைப்பதுதான் மைல்ட். மைல்டை வகுத்தவர் லபெர்ஜ். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ரியாலிட்டி செக், விடியல் விழிப்பு, மைல்ட் மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரே வாரத்தில் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. மைல்ட் செய்து முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கோ கிட்டத்தட்ட 46 சதவீதம். அந்த இரண்டாவது எண்ணை மறக்காதீர்கள். சீக்கிரம் மறுபடி தூங்குவதில்தான் சூட்சுமம்.

செய்முறை இது. பதினொரு மணிக்குத் தூங்குகிறீர்கள் என்றால் ஐந்து மணி நேரம் கழித்து, அதாவது நாலு மணிக்கு அலாரம். எழுந்ததும் அப்போது வந்த கனவை நினைவுபடுத்தி நோட்டில் குறியுங்கள். ஐந்து பத்து நிமிடம் விழித்திருந்தால் போதும். டியூப் லைட் வேண்டாம், போன் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம், காபி கூடவே கூடாது. பிறகு படுத்துக்கொண்டு, "அடுத்து கனவு வரும்போது, இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று மனசுக்குள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பேச்சில், நீங்கள் உங்களிடமே பேசுகிற சொற்களில் இருக்கட்டும். சொல்லும்போது, சற்றுமுன் எழுதிய கனவுக்குள் மறுபடி போங்கள். தாத்தா திண்ணையில் பேப்பர் படிக்கிறார். இந்தத் தடவை நின்று பார்க்கிறீர்கள்: "தாத்தாதான் இல்லையே, அப்படியென்றால் இது கனவு." அந்தக் கணம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள். மறுபடி வாக்கியம், மறுபடி திண்ணை. இடையில் மனசு மளிகைக் கணக்குக்குப் போனால் திட்டாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். தூக்கம் வரும்போது கடைசி எண்ணம் இதுவாக இருந்தால் போதும்.

வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், அதுவும் மறுநாள் கொஞ்சம் தாமதமாக எழ முடிகிற நாட்களில். நாலு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே வராது என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்கள் இயல்பாக விழிக்கும் நேரங்களில் மட்டும் மைல்ட் செய்து பார்க்கட்டும்.

கனவு என்று தெரிந்த உடனே விழித்துவிடுகிறேன்!

முதல் சில தடவை பலருக்கும் இதுதான். சந்தோஷம் தாங்காமல் விழிப்பு வந்துவிடும். தெரிந்ததும் எதையும் சாதிக்கப் போகாதீர்கள், பறக்கப் போகாதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டு அந்த உரசலைக் கவனியுங்கள். தரையைத் தொடுங்கள், சுவரின் சொரசொரப்பைத் தடவுங்கள். காட்சி மங்கினால் நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழலலாம், இது லபெர்ஜ் சொன்ன வழி. ஒரே பொருளை வெறித்துப் பார்க்க வேண்டாம். "இது கனவு" என்று நடுநடுவே சொல்லிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதை உங்களை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

அப்படியும் விழித்துவிட்டால் அசையாமல் கண்மூடிக் கிடங்கள், சில நேரம் அதே கனவுக்குள் திரும்பிவிடலாம். இன்னொன்று, விழித்துவிட்டதாக நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் கனவாக இருக்கும். எழுந்ததும் ஒரு தடவை மூக்கைப் பிடித்துப் பாருங்கள்.

இதனால் என்ன பிரயோஜனம்?

பறப்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, அதில் தப்பில்லை, அந்த ஆனந்தம் நிஜம். பயிற்சிக்கும் உதவுகிறது. நாணயத்தைக் கோப்பைக்குள் வீசுவதை லூசிட் கனவில் பழகியவர்கள் விழித்த பிறகு மேம்பட்டதை 2010-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் என் பார்வையில் பெரிய பயன் கெட்ட கனவுக்காரர்களுக்கு. துரத்துகிறவனைத் திரும்பி நின்று "நீ யார்?" என்று கேட்க முடிந்தவருக்கு அந்தக் கனவின் பிடி தளர்ந்துவிடும்.

லூசிட் ஆகாமலேயே இதில் பாதியைச் செய்யலாம். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவைப் பகலில் எழுதி, முடிவை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி, அந்தப் புது வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனசில் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவத்தில் உள்ள முறைதான் இது. விபத்தோ வன்முறையோ பார்த்த பிறகு வரும் கனவென்றால் தனியாக மோதாமல் ஓர் ஆலோசகரோடு செய்யுங்கள்.

விழித்தேன், கை காலை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அமுக்குவான் பேயா?

பேய் இல்லை. ரெம் தூக்கத்தில் உடம்பு கட்டுண்டு கிடக்கும் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கட்டு அவிழ்வதற்குள் மனசு மட்டும் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். கனவின் மிச்சம் அறைக்குள் ஆளாகத் தெரியும், மூச்சு முட்டுவதுபோல இருக்கும். சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்தில் தானாக விடும். போராட வேண்டாம். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் இது அதிகம் வரும். வாரத்துக்குப் பலமுறை வந்து, பகலிலும் தாங்க முடியாத தூக்கம் வருகிறதென்றால் டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை போட்டால் கனவு வருமாமே?

இரண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வைட்டமின் பி6 எடுத்தவர்களுக்குக் கனவு நினைவு கூடியதாக ஆஸ்பியின் 2018 ஆய்வு சொல்கிறது. ஆனால் அதில் கொடுத்தது 240 மில்லிகிராம், ஐந்து நாள் மட்டும். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை இரண்டு மில்லிகிராம் அளவுதான். அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும். கேலண்டமைன் என்பது அல்சைமர் நோய்க்கான மருந்து. 121 பேரிடம் நடந்த 2018 ஆய்வில், வெற்று மாத்திரை போட்ட இரவில் 14 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராம் போட்ட இரவில் 42 சதவீதம் பேருக்கும் லூசிட் கனவு வந்தது. பலன் பெரிதுதான். ஆனாலும் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்தைக் கனவுக்காக, அதுவும் டாக்டர் சொல்லாமல், வாங்கிப் போடுவதை நான் எதிர்க்கிறேன்.

யார் இதைத் தவிர்க்க வேண்டும்?

நனவும் கனவும் குழம்பும் அனுபவம் ஏற்கனவே உள்ளவர்கள், சைக்கோஸிஸ், பைபோலார் போன்ற மனநோய்களுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் லூசிட் பயிற்சிக்குப் போக வேண்டாம். தூக்கமின்மை உள்ளவர்கள் நாலு மணி அலாரத்தைத் தொடக்கூடாது. மறுநாள் லாரி, பஸ் ஓட்டுபவர்களும் அப்படியே. வீட்டில் வயதானவர் யாராவது தூக்கத்தில் கத்தி, கை கால் வீசி, கட்டிலிலிருந்து விழுகிறார் என்றால் அது கனவுப் பயிற்சிக்கான விஷயமே இல்லை. பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த அறிகுறி வரலாம், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கனவை வெளியே சொல்லலாமா? சொன்னால் பலிக்காது என்கிறாள் பாட்டி.

தாராளமாகச் சொல்லுங்கள். காலைக் காபிக்கு வீட்டில் ஆளுக்கொரு கனவு சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் நோட்டு எழுதாதவர்களுக்கும் நினைவு கூடும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அவர்கள் சொல்லும்போது குறுக்கே திருத்தாதீர்கள், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். கெட்ட கனவு என்றால் அன்றைக்கே முடிவை மாற்றி விளையாட்டாக ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பாட்டியையும் கேளுங்கள், அவர் கனவில் இன்னும் எந்த ஊர் வீடு வருகிறது என்று.

எவ்வளவு நாளில் லூசிட் கனவு வரும்?

சிலருக்கு முதல் வாரத்திலேயே, சிலருக்குப் பல மாதம். நோட்டை விடாதவர்களுக்குச் சீக்கிரம் வருவதைத்தான் நான் பார்க்கிறேன். ஒரு மாதம் முயன்றும் வராமல் சலிப்புத் தட்டினால் அலாரத்தையும் மைல்டையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, நன்றாகத் தூங்கி, கனவை மட்டும் எழுதுங்கள். அந்த இடைவெளியில்தான் பலருக்கு முதல் தடவை வருகிறது.